சூசையப்பரை நோக்கி நடந்த பியானோ

"மயேஸ்த்ரா, றொக் அண்ட் றோலைப் படைச்சது ஆர்? கடவுளோ, பிசாசோ?"

எட்டு வயதுத் தர்சனா ஒருமுறை மறைக்கல்வி வகுப்பில் எழும்பி நின்று இதைக் கேட்டாள். பத்துக் கட்டளைகளையும் பின்னிருந்து முன்னாகவும் சொல்லக்கூடிய ஆசிரியை அகஸ்ரீனா அன்று மணிக்கூட்டைப் பார்த்தாள். "அதை அடுத்த கிழமை பாப்பம் பிள்ளை" என்று சமாளித்தாள். அந்த அடுத்த கிழமை இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளை சும்மா கேட்கவில்லை. இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள அந்தச் சின்னக் கோயிலின் கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கிற்றார் வைத்துப் பாட அனுமதி கேட்டபோது, பங்குச் சபைத் தலைவி சின்யோரா எமிலியானா மறுத்துவிட்டார். "ஆட வைக்கிற சங்கீதம் எல்லாம் பிசாசின் சங்கீதம்" என்றார். சின்யோராவின் உடம்பும் பெரிது, குரலும் பெரிது. அவர் மறுத்தால் கூரையிலிருக்கும் புறாக்கூட எழும்பிப் போய்விடும்.

அதே சின்யோராதான் இப்போது லிபெர்த்தாத் தெருவிலுள்ள தன் வீட்டில், காலை வேலைக்கு வந்த அகஸ்ரீனாவைச் சமையலறை வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"சோதிலிங்கத்தின் கதை கேள்விப்பட்டாயா?"

கேள்விப்படாமல் இருப்பாளா? கூடத்தைத் துப்புரவு செய்கிற சோதிலிங்கம், நேற்றுப் பின்னேரம் பியானோவைக் கதவுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது கோயில் பணியாளர் கலோஜெரோவிடம் கையும் மெய்யுமாக அகப்பட்டுக்கொண்டான். திருட்டு என்றார் கலோஜெரோ. சோதிலிங்கம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைப் பின்னேரம் சபை கூடுகிறது. வேலை போனால் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் அவனுடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. மனைவி ஞானம்பிகையையும் கைக்குழந்தை துசானியையும் கூட்டிக்கொண்டு அவன் எந்த நாட்டுக்குப் போவான்?

"நீ தொலைந்ததைக் கண்டுபிடிக்கிறவள்" என்றார் சின்யோரா. "இதையும் கண்டுபிடி. நாளை மாலைக்குள்." பிறகு குரல் ஏனோ இறங்கியது. "யாராக இருந்தாலும் கண்டுபிடி."

மன்னாரிலிருந்து வந்த அகஸ்ரீனாவுக்குப் பலேர்மோத் தமிழர் மத்தியில் அப்படி ஒரு பெயர் இருந்தது உண்மை. தொலைந்த தோடு, தொலைந்த கடவுச்சீட்டு, ஒருமுறை தொலைந்த மாப்பிள்ளை. எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். முதலில், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி, பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பது. அவளுடைய முறை அவ்வளவுதான்.

பின்னேரம் அவள் தன் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு கோயில் கூடத்துக்குப் போனாள். உதவியாளர் என்றால் இராஜநாயகம் அண்ணை. மக்வேதாத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் கிற்றார் அடித்தவர். தான் அடித்த அடியில் மாப்பிள்ளை மணவறையை விட்டு எழும்பி ஆடினார் என்று அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்லி அகஸ்ரீனா கேட்டதில்லை.

"அந்தோனியாரின்ர செக்கிற்றறி வாறா, வழி விடுங்கோ" என்றார் அவர், வழியில் நின்ற ஒரு பூனையிடம்.

"பகிடி விடாமல் வாங்கோ அண்ணை. ஒரு குடும்பத்தின்ர சோறு இதிலை கிடக்குது."

"அதுக்குத்தான் தங்கச்சி பகிடி. அழுதுகொண்டு தேடினால் கண் தெரியாது."

வாசலில் சோதிலிங்கம் நின்றான். சாவிகளை மத்தியானத்துக்கு முன்னரே கலோஜெரோவிடம் ஒப்படைத்துவிட்டானாம். ஆனாலும் கால் இங்கேதான் இழுத்து வந்திருக்கிறது.

"தம்பி, உண்மையைச் சொல்லும். ஏன் பியானோவைத் தள்ளினீர்?"

"கேளாதேங்கோ அக்கா."

"நான் கேக்காட்டி நாளைக்குச் சபை கேக்கும்."

"அங்கையும் சொல்லமாட்டன். நான் களவெடுக்கேல்லை. அவ்வளவுதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். களவெடுத்தவனுடைய குனிவு இல்லை அது. ஏதோ ஒன்றைக் கையில் பொத்திப் பிடித்திருப்பவனுடைய குனிவு என்று அகஸ்ரீனாவுக்குப் பட்டது.

கலோஜெரோ சாவியைக் குலுக்கிக்கொண்டு வந்தார். மெழுகுதிரி அணைக்கிற கம்பிபோல மெலிந்த மனிதர். கதவைத் திறந்தவர் "மாதாவே!" என்று பின்னுக்கு வந்து இராஜநாயகத்தின் காலை மிதித்தார்.

பியானோ நடந்திருந்தது.

அது வழக்கமாக நிற்பது கதவுக்குப் பக்கத்தில், முதுகைக் கூடத்துக்குக் காட்டிக்கொண்டு. இப்போதோ கூடத்தின் மறுகோடியில் நின்றது. அங்கே பீடத்தில் நிற்கும் சூசையப்பர் சிலையின் முகத்துக்கும் பியானோவுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவர் கையிலிருந்த லீலிப்பூ பியானோவின் தலையில் சாய்ந்து கிடந்தது.

"பாவமன்னிப்புக் கேக்கப் போயிருக்குது போல" என்றார் இராஜநாயகம்.

"இவன் கள்ளச் சாவி செய்திருக்கிறான்!" என்று கலோஜெரோ சோதிலிங்கத்தைக் காட்டிக் கத்தினார்.

அகஸ்ரீனா அமைதியாக நடந்து பார்த்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது வாளி. வாளியின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு பொட்டு. பக்கத்தில் தும்புத்தடிக்கு ஒரு பொட்டு. நிலம் துடைக்கிற தடிக்கும் ஒன்று.

"இது என்ன பில்லி சூனியம்?" என்றார் கலோஜெரோ.

"இண்டைக்குச் சரஸ்வதி பூசை அக்கா" என்றான் சோதிலிங்கம் மெதுவாக. "சாவியைக் குடுக்க முன்னம், என்ர ஆயுதங்களுக்குப் பொட்டு வைச்சனான். பியானோவுக்கும் ஒண்டு வைச்சன். அதுவும் வாத்தியம்தானே? சந்தனம் முடிஞ்சுது. கறிக்குப் போடுற மஞ்சளைத்தான் குழைச்சன். கட்டைக்கு மேலை ஒரு பூவும் வைச்சன்."

அகஸ்ரீனா பியானோவின் முன்னால் குனிந்தாள். கட்டைகளுக்குக் கீழேயுள்ள நீளப் பலகையின் நடுவில் மஞ்சள் இருந்தது. ஆனால் பொட்டாக இல்லை. எதுவோ அழுத்தி, உருட்டி, தேய்த்திருந்தது. கட்டைகளில் செவ்வந்தி இதழ்கள் நசுங்கிக் கிடந்தன.

"அண்ணை, கள்ளன் பியானோவை எந்தப் பக்கம் தள்ளுவான்?"

"கதவுப் பக்கம்."

"இது சூசையப்பரிட்டைப் போயிருக்குது. சோதி இல்லாத நேரத்திலை, அவரிட்டைச் சாவியும் இல்லாத நேரத்திலை. அப்ப ஒராள் பியானோவை அங்கை கொண்டுபோகுது. சோதி ஒவ்வொரு நாளும் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். அதைத்தான் கலோஜெரோ கண்டது. சரியோ தம்பி?"

சோதிலிங்கம் கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"பூ நசிஞ்சிருக்குது" என்றாள் அகஸ்ரீனா. "எண்டால் ஆரோ வாசிச்சிருக்கினம். ரெண்டு கையும் கட்டையிலை. பியானோவும் ஓடியிருக்குது. அப்ப தள்ளினது எது?"

இராஜநாயகம் மஞ்சள் கறையின் உயரத்தைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ஃபாற்ஸ் டொமினோ!"

"அது ஆர்? எந்தப் பங்கு?"

"நியூ ஓர்லியன்ஸ் பங்கு. வா, நடந்துகொண்டு சொல்லுறன்."

சோதிலிங்கம் ஒப்படைத்ததை விட்டால் அந்தக் கூடத்துக்கு மூன்று சாவிகள்தான். ஒன்று கலோஜெரோவிடம். ஒன்று சபைத் தலைவியிடம். ஒன்று பலரோச் சந்தையில் அரஞ்சீனாச் சோற்றுருண்டை பொரித்து விற்கிற சால்வோவிடம்; அவர் தன் தள்ளுவண்டியைக் கூடத்தின் பின்னறையில்தான் விடுகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பலேர்மோ முழுவதும் யன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் ஊரில் யார் பியானோ தள்ளினாலும் கேட்க ஆளில்லை. கலோஜெரோவின் குறட்டை பக்கத்துத் தெருவில் கேட்கும் என்பதால் அவரைச் சேர்க்கத் தேவையில்லை.

"அதோடை, கலோஜெரோவுக்கு வயிறு எண்டு ஒண்டு இல்லை" என்றார் இராஜநாயகம். "அந்தாளுக்கு முன்னாலையும் முதுகுதான்."

சந்தை ஒழுங்கையில் நடந்துகொண்டே அவர் சொல்லத் தொடங்கினார். ஃபாற்ஸ் டொமினோ உருண்டையான மனிதராம். கச்சேரி முடிகிற நேரத்தில் வாசித்தபடியே பியானோவை வயிற்றால் மேடை முழுக்கத் தள்ளிக்கொண்டு போவாராம். ஜெரி லீ லூயிஸ் காலால் கட்டையைக் குத்துவாராம். லிற்றில் றிச்சர்ட் நின்றுகொண்டு வாசிப்பாராம். சக் பெரி ஒற்றைக்காலை நீட்டித் தாராபோல நடந்துகொண்டே கிற்றார் அடிப்பாராம்.

"ஒருத்தரும் ஒழுங்காய் இருந்து வாசிக்கேல்லையோ?"

"இருந்து வாசிச்சால் அதுக்கு வேற பேர் தங்கச்சி."

"சின்யோரா சொல்லுற மாதிரி இதெல்லாம் பிசாசின்ர வேலைதானோ அண்ணை?"

இராஜநாயகம் நின்றார். பகிடி விடுகிற முகம் போய்விட்டது. "றொசெற்றா தார்ப் எண்டு ஒரு மனிசி. கோயில்காரி. இவையளுக்கெல்லாம் முந்தியே எலெக்ரிக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஆண்டவரைப் பாடினவ. அதைக் கேட்டு வளந்த பெடியள்தான் பிறகு பெரிய ஆக்கள் ஆனவை. லிற்றில் றிச்சர்டும் சின்னனிலை கோயிலிலை பாடினவர். கைதட்டுறது, துள்ளுறது எல்லாம் கறுப்பு ஆக்களின்ர கோயிலிலை இருந்து வந்தது."

"அப்ப கோயிலிலை பிறந்ததோ?"

"கோயிலிலையும் பிறந்தது, சாராயக் கடையிலையும் பிறந்தது. ரெண்டு வீட்டுக்கும் ஒரு பிள்ளை. இன்னொண்டு கேள். ஃபாற்ஸ் டொமினோவையும் லிற்றில் றிச்சர்டையும் நியூ ஓர்லியன்ஸிலை பதிவு செய்த ஸ்ரூடியோக்காரன் ஆர் எண்டு நினைக்கிறாய்? இஞ்சை, சிசிலியிலை இருந்து கப்பலேறின ஒராளின்ர மகன்."

அகஸ்ரீனா அதை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள்.

சால்வோவின் கடை முன்னால் வந்ததும் இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். வயிறு என்றால் அது வயிறு. அந்த வயிற்றின் மேல் ஒரு வெள்ளை ஏப்ரன். ஏப்ரனின் நடுவில் பளிச்சென்று மஞ்சள் கறை!

"பிடிச்சாச்சு" என்றார் இராஜநாயகம். "பொலிசைக் கூப்பிடட்டோ, கச்சேரி வைப்பிக்கட்டோ?"

"பொறுங்கோ. மஞ்சள் எல்லாம் மஞ்சள் இல்லை. நீங்கள் அந்தாளைப் பராக்குக் காட்டுங்கோ."

இராஜநாயகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு கத்தரிக்காயைக் கிற்றார்போலப் பிடித்து, ஒற்றைக்காலை நீட்டி, ஒழுங்கை நடுவில் தாரா நடை நடந்தார். மரக்கறிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு நாய் அவருடைய காலைக் கவ்வப் பார்த்தது. சால்வோ சட்டியை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இடைவெளியில் அகஸ்ரீனா கைப்பைக்குள்ளிருந்து உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியை எடுத்து, ஈரம் தொட்டு, ஏப்ரனில் ஒரு தேய் தேய்த்தாள்.

"சின்யோரா! என்ன செய்கிறீர்கள்?" என்று சால்வோ அவளிடம் கேட்டார்.

"கறை... அழுக்காக இருந்தது..." அவள் கன்னம் சூடேறியது.

மஞ்சள் தூளில் சவர்க்காரம் பட்டால் சிவந்துவிடும். கறி சமைத்து உடுப்புத் தோய்க்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இது பழக்கம். சால்வோவின் கறை சிவக்கவில்லை. மஞ்சளாகவே சிரித்தது.

"அது குங்குமப்பூ" என்றார் சால்வோ. "அரஞ்சீனாச் சோற்றுக்குப் போடுவது. கழுவினாலும் போகாது." பிறகு இருவருக்கும் ஆளுக்கொரு சுடச்சுட அரஞ்சீனாவைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். "இது அந்த நடனத்துக்கு. என் மனைவி இறந்த பிறகு இன்றைக்குத்தான் இப்படிச் சிரித்தேன்."

அகஸ்ரீனா தன் அரஞ்சீனாவைக் கடதாசியோடு கைப்பைக்குள் வைத்தாள். நல்ல மனிதனைச் சந்தேகித்த பாவத்துக்கு நடந்தபடியே ஒரு அருள்நிறை மரியே சொன்னாள்.

"இனி என்ன செய்யிறது?" என்றார் இராஜநாயகம், வாய் நிறைய. "பலேர்மோவிலை வயித்திலை கறை இல்லாத ஆளைத் தேடினாலாவது வேலை கெதியாய் முடியும். எல்லாரும் சாப்பிடுற ஆக்கள்."

"எனக்கு இப்ப பின்னேர வேலைக்கு நேரமாகுது. சின்யோரா வீட்டிலை தோய்க்கிற நாள்."

லிபெர்த்தாவில் சின்யோராவின் குளியலறையில் அழுக்குக் கூடை நிறைந்திருந்தது. அகஸ்ரீனாவின் மனம் சோதிலிங்கத்தின் குழந்தையிடம் இருந்தது. கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. துவாய். தலையணை உறை. சாம்பல் நிறப் பிளவுஸ். பிளவுஸின் முன்பக்கம் நடுவில் ஏதோ மங்கலாக மஞ்சள். சமையல் கறையாக்கும் என்று நினைத்துச் சவர்க்காரத்தைத் தேய்த்தாள்.

கறை சிவந்தது.

அவள் பிளவுஸை வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர்க் குழாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சின்யோராவுக்குச் சமைப்பது அவள்தான். அந்த வீட்டு அடுப்படிக்கு மஞ்சள் தூள் ஒருநாளும் வந்ததில்லை.

திரும்பினால் வாசலில் சின்யோரா எமிலியானா நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெரிய உடம்பு திடீரென்று சின்னப் பிள்ளையினுடையதுபோல இருந்தது.

"கடைசியில் கண்டுபிடித்துவிட்டாய்" என்றார்.

"ஏன் சின்யோரா என்னையே தேடச் சொன்னீர்கள்?"

"என்னால் சொல்ல முடியவில்லை. யாராவது பிடித்துவிட்டால் நல்லது என்று நினைத்துத்தான் இன்றும் போய் வாசித்தேன்." அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தார். "என் மாமா நியூ ஓர்லியன்ஸுக்குப் போனவர். நான் சிறுமியாக இருந்தபோது இசைத்தட்டுகள் அனுப்புவார். அப்பா வீட்டில் இல்லாத நேரம் கேட்பேன். கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினேன். ஒருநாள் அப்பா எல்லாவற்றையும் உடைத்தார். பிசாசின் சங்கீதம் என்றார். நானும் அதையே இத்தனை வருடம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த வசந்தத்தில் ஒரு மத்தியானம் கூடத்தில் தனியாக இருந்தேன். பியானோ திறந்திருந்தது. வாசித்தேன். வாசிக்கும்போது எப்படி நகருகிறது என்று எனக்கே தெரியாது அகஸ்ரீனா. உடம்பு தானாகப் போகிறது!"

"ஒவ்வொரு நாளும் பியானோ பழைய இடத்துக்கு எப்படித் திரும்பியது?"

"யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் அதை யோசிப்பதில்லை. நேற்று அவனைப் பிடித்தபோதுதான் விளங்கியது. அவன் ஏன் வாய் திறக்கவில்லை?"

அது அகஸ்ரீனாவுக்குத் தெரிந்திருந்தது. ஞானம்பிகை கைக்குழந்தையோடு கெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்காகக் காலை முதல் காத்துக்கிடந்த அன்று, சின்யோரா போய் அலுவலர் யன்னலுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "இந்தப் பிள்ளையின் கடதாசி கைக்கு வரும்வரை நான் எழும்பமாட்டேன்" என்றார். அவரை எழுப்ப அங்கே யாருக்கும் பலம் இருக்கவில்லை. கடதாசி வந்துவிட்டது. சின்யோரா அதை மறந்துவிட்டார். வாசிப்பது யார் என்று எப்போதோ கண்டுகொண்டிருந்த சோதிலிங்கம் மறக்கவில்லை.

அகஸ்ரீனா அதை மட்டும் சொன்னாள். பிறகு பிளவுஸை அலசிப் பிழிந்தாள்.

"மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து சின்யோரா. பால்கனியில் போடுகிறேன். நாளை மத்தியானத்துக்குள் இருந்த இடம் தெரியாது. நான் சபையில் ஒன்றும் சொல்லமாட்டேன்."

அடுத்த நாள் பின்னேரம் இதைக் கேட்ட இராஜநாயகம் கோயில் வாசலிலேயே தலையில் கை வைத்தார். "தடயத்தைத் தோய்ச்சுக் காயப்போட்ட துப்பறியிற ஆள் உலகத்திலை நீ ஒருத்திதான்! அந்த மனிசி வாயைத் திறக்காட்டி?"

"திறப்பா."

"திறக்காட்டி?"

"அண்ணை, ஒருத்தரை இழுத்துக்கொண்டுவந்து நல்லவராக்கேலாது. கதவைத் திறந்துதான் விடலாம்."

சொன்னாளே தவிர, அவளுடைய செபமாலை கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

சபை கூடியது. பங்குச் சுவாமி நடுவில். கலோஜெரோ எழும்பி, சோதிலிங்கம் பியானோ தள்ளிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பின்வரிசையில் ஞானம்பிகை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இருந்தாள். சின்யோரா எமிலியானா, வெயிலில் வெளுத்த அதே சாம்பல் பிளவுஸோடு, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்றார் சுவாமி.

அகஸ்ரீனா கண்ணை மூடினாள்.

கதிரை ஒன்று கிரீச்சிட்டது. பாரமான காலடிகள் கூடத்தைக் கடந்தன. பியானோவின் மூடி திறந்தது. பிறகு இடி விழுந்ததுபோல் இடக்கை ஒரு தாளத்தைத் தொடங்க, வலக்கை அதன் மேல் துள்ளியது. கண்ணைத் திறந்தபோது சின்யோரா எமிலியானா நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தார். வயிறு பலகையில் மோதியது. பியானோ ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு மோதல். இன்னொரு முழம். உருளைகள் கீச்சிட, பியானோ கூடத்தின் குறுக்கே சூசையப்பரை நோக்கிப் புறப்பட்டது.

"புனிதரே!" கலோஜெரோ ஓடிப்போய்ச் சூசையப்பரை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டார். தர்சனாவும் மற்றப் பிள்ளைகளும் வாங்குகளில் ஏறிக் கைதட்டினார்கள். இராஜநாயகம் பக்கத்தில் இருந்த கிழவியோடு ஆடத் தொடங்கிவிட்டார்.

பியானோ நின்றது. சின்யோரா மூச்சு வாங்கினார்.

"நான்தான்" என்றார். "ஒவ்வொரு மத்தியானமும் நான்தான். அவன் எனக்காக அதைத் திரும்ப வைத்தான். எனக்காகவே வாய் மூடி நின்றான். நான் வெட்கப்படுகிறேன்."

சுவாமி சிரிப்பை அடக்க ஏதோ ஒரு சங்கீதத்தைத் தேடுகிறவர்போல விவிலியத்தைப் புரட்டினார். அடக்க முடியவில்லை. சோதிலிங்கத்தின் வேலை அந்தச் சிரிப்பிலேயே உறுதியாயிற்று. கலோஜெரோ அவனிடம் போய், சூசையப்பரைக் கட்டிப்பிடித்ததில் தூசு படிந்த தன் கையை நீட்டி மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வாரம் சோதிலிங்கம் அகஸ்ரீனாவைச் சந்தையில் மறித்தான்.

"அக்கா, ஒரு அதிசயம். இண்டைக்கு நான் போக முன்னமே கூடம் கழுவிக் கிடக்குது. வாங்குக்குக் கீழை, மூலைமுடக்கு எல்லாம். நிலம் இன்னும் ஈரம். கலோஜெரோவைக் கேட்டால், தான் நித்திரை எண்டுறார். ஆராய் இருக்கும்?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி. நேரத்துக்கு வீட்டை போய்ப் பிள்ளையோடை இரும்."

அன்று மாலை சின்யோரா எமிலியானா வீட்டுப் படிகளில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முழங்கால்கள் மடங்கவில்லை. இந்த வீட்டில் ஒரு குவளைகூடக் கழுவியறியாத அந்தக் கைகளில் நிலம் கழுவுகிற மருந்தின் வாசம் அடித்தது; விரல் நுனிகள் சிவந்து உரிந்திருந்தன. அகஸ்ரீனா ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, உப்புப் போட்டு, சின்யோராவின் கதிரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.